அசை வேறு, அழுத்தம் வேறு

ஆங்கிலக் கவிதையின் யாப்பைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. வார்த்தைகள் மாறும், சாரம் மாறாது. நமக்கு நேரசை, நிரையசை மாதிரி அவர்களுக்கு அழுத்தமுள்ள அசை, அழுத்தமில்லாத அசை. இரண்டும் சேர்ந்தால் அயாம்பிக் சீர். அப்படி ஐந்து சீர் வந்தால் பென்டாமீட்டர் அடி. அவ்வளவுதான், முடிந்தது. அடுத்த பத்தியில் கட்டுரையாளர் ஷேக்ஸ்பியரின் மேதைமைக்குப் போய்விடுவார். வாசகரும் 'சரி, நம்ம ஊர் வெண்பா மாதிரி ஏதோ ஒண்ணு' என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இந்த விளக்கத்தில் ஒரு பகுதிகூடச் சரியில்லை என்பது என் கட்சி. நேர், நிரை என்பவை அழுத்தம் பற்றியவை அல்ல. ஆங்கிலத்தின் சிலபிள் நம்முடைய அசை அல்ல. அயாம்பிக் நம்முடைய சீரும் அல்ல. இது வெறும் கலைச்சொல் தகராறு என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் இந்த ஒப்புமையால் நாம் இரண்டு பக்கமும் இழக்கிறோம். ஆங்கிலச் செய்யுளின் உயிர் எங்கே இருக்கிறது என்பது நம் காதுக்கு எட்டாமலே போகிறது. தமிழ் யாப்பு எவ்வளவு தனித்தன்மையான கணக்கு என்பதும் மழுங்குகிறது.

குழப்பத்தின் வேர் ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லில் இருக்கிறது. மொழியியல் தமிழுக்கு வந்தபோது சிலபிள் என்பதற்கு 'அசை' என்று பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்த சொல்லைப் பிடித்து இன்னொரு வேலையும் கொடுத்தாயிற்று. விளைவைப் பாருங்கள். 'கண்' என்பது ஒரு சிலபிள், யாப்பிலும் ஓரசை, நேரசை. இதுவரை பிரச்சினை இல்லை. 'கடல்' என்பது இரண்டு சிலபிள், க ஒன்று, டல் ஒன்று. யாப்பிலோ அது ஓரசை, நிரையசை. குறிலோடு குறில் இணைந்து ஒற்றோடு முடிந்தால் நிரை. 'விழா'வும் அப்படித்தான், இரண்டு சிலபிள், ஒரு நிரை. 'கருவிளம்' என்ற வாய்பாட்டில் நான்கு சிலபிள் இருக்கின்றன, அசை இரண்டுதான். ஆக நிரை என்பதே இரண்டு உயிர் ஒலிகளை அடக்கிய ஒரு கட்டு. அதைக் கொண்டுபோய் ஒற்றைச் சிலபிளோடு ஒப்பிடுவதை, என் தொழிலில் டைப் எரர் என்போம். கிலோவையும் மீட்டரையும் கூட்டுகிற மாதிரி. கம்பைலர் அந்த வரியிலேயே நின்றுவிடும். கட்டுரைகளுக்குக் கம்பைலர் கிடையாது என்பதால் அச்சாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சிலபிள் என்றே எழுதுகிறேன். அழகாக இல்லைதான். தப்பாகவும் இல்லை.

தமிழ் அசை எதை அளக்கிறது? குறிலா நெடிலா, ஒற்று உண்டா இல்லையா, இவ்வளவுதான். அடிப்படை அலகு மாத்திரை. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். அதாவது கால அளவு. குற்றியலுகரத்தைப் பாருங்கள். சொல்லின் கடைசியில் வல்லின மெய்யோடு வரும் உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகத் தேய்கிறது என்று கண்டுபிடித்து, பெயர் சூட்டி, விதி எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கூர்மையான காது வைத்திருந்தவர்கள் அழுத்தத்தைப் பற்றி யாப்பில் பேசவில்லை. செவிடர்கள் என்பதால் அல்ல. தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை, செய்யுளின் அடியைத் தாங்குவதில்லை. வேலை செய்யாத ஒன்றுக்கு எதற்கு விதி?

இதனால்தான் தமிழ்ச் செய்யுளை எழுத்தை மட்டும் பார்த்தே அலகிட முடிகிறது. அருஞ்சொல் ஒன்றின் பொருள் தெரியாவிட்டாலும் அது தேமாவா புளிமாவா என்று சொல்லிவிடலாம். ஐகாரக்குறுக்கம், குற்றியலிகரம், அளபெடை மாதிரியான சில சிக்கல்களைக் கையாண்டுவிட்டால் இதை ஒரு நிரலாகவே எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். அவலோகிதம் என்ற மென்பொருளில் ஒரு பாடலை உள்ளிட்டால் அசை, சீர், தளை பிரித்துத் தரும்.

ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்யப் பாருங்கள், முதல் வரியிலேயே இடிக்கும். 'ரெக்கார்ட்' என்ற சொல்லின் எழுத்துகளைப் பார்த்தால் அழுத்தம் எங்கே என்று தெரியாது. பெயர்ச்சொல் என்றால் முதல் சிலபிளில், வினை என்றால் இரண்டாவதில். எழுத்து ஒன்றுதான். ஃபோட்டோகிராஃப் என்பதில் அழுத்தம் முதல் சிலபிளில் விழுகிறது. படம் எடுப்பவரைச் சொல்லும்போது அது இரண்டாவதுக்கு நகர்ந்து 'ஃபடாக்ரஃபர்' மாதிரி ஒலிக்கிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது. அழுத்தம் நகர நகர, அது விட்டுப்போன இடத்தில் இருந்த உயிர் ஒலி மங்கிப்போய், அகரமும் இல்லாத எகரமும் இல்லாத ஒரு முனகலாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் நாம் மூன்றையும் 'போட்டோ, போட்டோ, போட்டோ' என்று ஒரே மாதிரி தொடங்குகிறோம்.

இதற்காகக் கணினித் துறையில் ஒரு உச்சரிப்பு அகராதியே இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அகராதி, ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொற்களுக்கு மேல். ஒவ்வொரு உயிர் ஒலிக்கும் பக்கத்தில் ஓர் எண்: அழுத்தம் இல்லையென்றால் 0, முதன்மை அழுத்தம் 1, இரண்டாம்நிலை அழுத்தம் 2. இதை வைத்து ஆங்கிலக் கவிதையை அலகிடும் நிரல் எழுதிப் பார்க்கிறவர் சீக்கிரமே ஒரு சுவரில் முட்டுவார். ஒற்றைச் சிலபிள் சொற்கள். அகராதியில் தனியாக நிற்கும்போது அவற்றில் பலவும் 1 என்றே பதிவாகியிருக்கும். வாக்கியத்துக்குள் வந்ததும் சில நிமிரும், சில சுருண்டுவிடும். எது நிமிரும் என்பதை அர்த்தம் தீர்மானிக்கிறது. டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1900இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்: செய்யுளில் அழுத்தம் என்பது ஒரு சிலபிளுக்குள் இருக்கும் குணம் அல்ல, பக்கத்துச் சிலபிளோடு ஒப்பிடும்போது தெரியும் ஏற்றத்தாழ்வு. நெடில் எங்கே வந்தாலும் நெடில். அழுத்தம் அப்படி இல்லை, அது ஓர் உறவு.

சரி, தமிழில் அழுத்தம் இல்லையென்றால் நாம் ஒன்றை வலியுறுத்திப் பேசுவதே இல்லையா? பேசுகிறோம். ஆனால் வேறு கருவியால். 'நானா அவன்கிட்ட பணம் கேட்டேன்?' 'நான் அவன்கிட்டயா பணம் கேட்டேன்?' 'நான் அவன்கிட்ட பணமா கேட்டேன்?' மூன்றுக்கும் மூன்று அர்த்தம். நாம் 'ஆ'வை நகர்த்துகிறோம். 'தான்', 'ஏ', 'கூட' என்று ஒட்டிக்கொண்டே போகிறோம். ஆங்கிலக்காரர் இந்த மூன்றையும் சொற்களை மாற்றாமல், எதையும் ஒட்டாமல், அழுத்தத்தை மட்டும் நகர்த்தியே சொல்லிவிடுவார். நம் இடைச்சொற்கள் செய்கிற வேலையை அங்கே குரல் செய்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும், ஆங்கிலச் செய்யுள் ஏன் அழுத்தத்தின் மேல் கட்டப்பட்டது என்பது விளங்கிவிடும். ஒவ்வொரு மொழியும், பேச்சில் எது அர்த்தத்தைத் தாங்குகிறதோ அதன் மேல்தான் பாட்டைக் கட்டும்.

அழுத்தம் என்றால் உரக்கச் சொல்வது என்ற எண்ணமும் பாதிதான் சரி. 1950களில் டென்னிஸ் ஃப்ரை என்ற பிரிட்டிஷ் ஒலியியலாளர் செயற்கையாக உருவாக்கிய ஒலிகளை வைத்துச் சோதித்தார். கேட்பவர்கள் ஒரு சிலபிளை அழுத்தமானது என்று முடிவுசெய்ய, ஒலியின் வலிமையைவிட அதன் நீளமும் சுருதி மாற்றமும் அதிகம் உதவின. ஆக வல்லினம்தான் அழுத்தம், மெல்லினம்தான் அழுத்தமின்மை என்று சிலர் எழுதுகிறார்களே, அதுவும் கதைதான். 'மதர்' என்ற சொல்லில் அழுத்தமான சிலபிள் மெல்லினத்தில் தொடங்குகிறது. ஒன்றும் ஆகிவிடவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: 'பெயர் எதுவா இருந்தா என்ன சார், புரிஞ்சா போதாதா?' பெயர் எப்படிப் புரிதலைக் கெடுக்கும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே சாட்சி இருக்கிறது. அயாம்பிக், ட்ரோக்கி எல்லாம் ஆங்கிலத்தின் சொந்தப் பெயர்கள் அல்ல. கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தவை. அங்கே அவை அழுத்தத்தைக் குறிக்கவில்லை, குறுமை நெடுமையைக் குறித்தன. ஒரு விதத்தில் கிரேக்க யாப்பு, ஆங்கில யாப்பைவிடத் தமிழுக்கு நெருக்கமானது. பதினாறாம் நூற்றாண்டின் ஆங்கிலப் படிப்பாளிகள் இந்தப் பெயர்களோடு சேர்த்து அவற்றின் கணக்கையும் இறக்குமதி செய்யப் பார்த்தார்கள். ஃபிலிப் சிட்னி முயன்றார். எட்மண்ட் ஸ்பென்சரும் கேப்ரியல் ஹார்வியும் இதைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்கள் 1580இல் அச்சாகின. 1602இல் தாமஸ் கேம்பியன் தனி நூலே போட்டார்: இயைபை விட்டுவிட்டு, செவ்வியல் சீர்களைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று. அடுத்த வருடமே சாமுவேல் டேனியல் பதிலடி கொடுத்தார். ஒரு மொழியின் இயல்பும் வழக்கமும்தான் அதன் செய்யுளுக்குச் சட்டம், வெளியூர் அளவுகோல் அல்ல என்பது அவருடைய வாதத்தின் சாரம். வரலாறு டேனியல் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், கேம்பியனை இன்று மக்கள் நினைவில் வைத்திருப்பது இயைபோடு அவர் எழுதிய இனிமையான இசைப்பாடல்களுக்காக. அவருடைய காதுக்கு உண்மை தெரிந்திருந்தது. கொள்கைதான் பெயர்களிடம் மாட்டிக்கொண்டது.

இன்னொரு சாட்சி சாசர். 1400இல் இறந்தார். அவர் காலத்தில் பல சொற்களின் கடைசியில் இருந்த 'எ' போன்ற மெலிந்த ஒலி உச்சரிக்கப்பட்டது. பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களில் அழுத்தம் கடைசிச் சிலபிளிலும் விழக்கூடும். பிறகு பேச்சு மாறியது, அந்த ஒலி உதிர்ந்தது, அழுத்தம் முன்னால் நகர்ந்தது. தாளில் எழுத்துகள் இருந்தன, காது போய்விட்டது. 1700இல் டிரைடன் போன்ற பெருங்கவிஞரே, சாசரைக் கொண்டாடிக்கொண்டே, அவருடைய அடிகள் பல இடங்களில் குறைபட்டவை என்று நம்பினார். 1775இல் தாமஸ் டிர்விட் தன் பதிப்பைக் கொண்டுவந்து, உதிர்ந்த ஒலிகளைச் சேர்த்துப் படித்தால் அடிகள் ஒழுங்காக ஓடுகின்றன என்று காட்டினார். சொந்த மொழிக்காரர்களுக்கே, காது போனால் கண் மட்டும் உதவவில்லை. நாம் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் இன்னொரு மொழியின் யாப்புப் பெயர்களைக் கண்ணாடியாகப் போட்டுக்கொண்டு, ஷேக்ஸ்பியரை அலகிடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு மூடநம்பிக்கையும் சுற்றுகிறது. ஆங்கில இலக்கிய வகுப்புகளில் சலிக்காமல் சொல்வார்கள்: அயாம்பிக் என்பது இதயத்துடிப்பு, லப்-டப், அதனால்தான் அது மனிதருக்கு இயற்கையான தாளம். அப்படியா? பிரெஞ்சுக்காரருக்கு இதயம் வேறு மாதிரி துடிக்கிறதா? அவர்களுடைய அலெக்சாந்திரின் அடி பன்னிரண்டு சிலபிள் எண்ணிக்கையில் நிற்கிறது. ஜப்பானியர் ஐந்து, ஏழு என்று எண்ணுகிறார்கள். நம் வெண்பாவோ தளை பார்க்கிறது. எல்லோருக்கும் லப்-டப்தான். அயாம்பிக் மனித உடலின் தாளம் அல்ல, ஆங்கிலம் என்ற ஒரு மொழியின் தாளம். உடலைச் சாட்சிக்கு இழுப்பவர் மொழியைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஆங்கிலத்தின் தாளம் எப்படி ஓடுகிறது என்று ஒரு எளிய சோதனை. மேசையில் விரலால் சீராக மூன்று தட்டுத் தட்டுங்கள். 'ஜான் பாட் ரைஸ்.' தட்டுக்கு ஒரு சொல். இப்போது அதே மூன்று தட்டுக்குள் 'ஜான் ஹேட் பாட் த ரைஸ்.' ஐந்து சிலபிள். அடுத்து 'ஜான் வுட் ஹேவ் பாட் ஹிம் த ரைஸ்.' ஏழு சிலபிள். தட்டு மூன்றுதான். ஜான், பாட், ரைஸ் மூன்றும் தூண்களாக நிற்கும், இடையில் உள்ளவை நசுங்கி ஓடும். தூண்களுக்கு இடையிலான நேரம் மிகச்சரியாகச் சமம் என்று முன்பு சொன்னார்கள். கருவிகளை வைத்து அளந்தபோது அவ்வளவு துல்லியம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் நசுங்குவது உண்மை. நாம் என்ன செய்கிறோம்? ஏழு சிலபிளுக்கும் ஏழு சம பங்கு கொடுக்கிறோம். பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு சாம்பார் ஊற்றுகிற மாதிரி.

இது கவிதையோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. மென்பொருள் அலுவலகங்களில் அமெரிக்கர்களோடு தொலைபேசிக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். என் சக ஊழியர் ஒருவர், அபாரமான நிரலாளர், 'வெள்ளிக்கிழமை எங்களால் முடியும்' என்று சொல்ல 'கேன்' என்பதை முழுசாக, அழுத்தமாக, தெளிவாகச் சொன்னார். எதிர்முனைக்காரர் முடியாது என்று எடுத்துக்கொண்டார். காரணம் எளியது. அமெரிக்கப் பேச்சில் சாதாரணமாக 'கேன்' நசுங்கி 'க்ன்' ஆகிவிடும். முழு உயிரோடு அழுத்தமாக வருவது மறுப்புச் சொல்லான 'கேன்ட்'. அதன் கடைசி டகரமோ காதில் விழுவதே இல்லை. தெளிவாகச் சொல்லச் சொல்ல அர்த்தம் தலைகீழானது. இப்படிப்பட்டவர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி என்று ஒன்றை வைப்பார்கள். நான் உட்கார்ந்த வகுப்பில் இரண்டு நாளும் உதட்டைக் குவிப்பது, பல்லால் உதட்டைத் தொடுவது, ஸகரத்தை அதிர வைப்பது. அழுத்தம் என்ற சொல்லே வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'தகவல்தொடர்புத் திறன் போதாது' என்று மதிப்பீட்டில் எழுதி ஊதிய உயர்வைக் குறைக்க மட்டும் மறக்கவில்லை. பள்ளி, கல்லூரி, அலுவலகம் என மூன்று இடத்திலும் ஒருவருக்குச் சொல்லித்தராத விஷயத்தை வைத்து அவரை மட்டம் தட்டுவது என்ன நியாயம்?

இனி, யாப்பறிந்த நண்பர்கள் எழுப்பும் ஒரு நல்ல கேள்வி. 'திருப்புகழைப் பாடும்போது தாளத்தில் அடி விழுகிறதே, அது அழுத்தம் இல்லையா?' விழுகிறது. ஆனால் அது தாளத்தின் அடி, சொல்லின் அடி அல்ல. தமிழில் தாளம் எந்த எழுத்தில் விழுந்தாலும் சொல் உடையாது. எப்போது உடையும்? அளவு மாறினால். திரைப்பாடலாசிரியர் மெட்டுக்கு எழுதும்போது தத்தகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறார். 'தான' என்ற இடத்தில் நெடிலில் தொடங்கும் சொல் வேண்டும். 'கனகம்' என்று எழுதிக்கொடுத்ததை மெட்டுக்காக முதல் எழுத்தை நீட்டிப் பாடினால் தங்கம் காடாகிவிடும், 'கானகம்'. நம் காது அங்கேதான் சுளிக்கும். ஆங்கிலப் பாட்டில் உயிரை எவ்வளவு நீட்டினாலும் யாரும் கவலைப்படுவதில்லை. தாள அடி அழுத்தமில்லாத சிலபிளில் விழுந்துவிட்டால் மட்டும் சொல் கோணிக்கொள்ளும். இரண்டு மொழியும் எங்கே வலி உணர்கின்றன என்று பாருங்கள். அங்கேதான் அவற்றின் யாப்பு இருக்கிறது.

'தொல்காப்பியத்தில் இல்லாததா?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செய்யுளியலை மதிப்பதற்கு வழி, அதில் இல்லாததை ஏற்றிச் சொல்வது அல்ல. நேர், நிரை என்ற பகுப்பு தன்னளவில் அபூர்வமானது. சமஸ்கிருதமும் லகு, குரு என்று கால அளவைப் பார்க்கிறது, ஆனால் ஒவ்வொரு சிலபிளாக எண்ணுகிறது. தமிழோ முடிந்தவரை ஒரு குறிலைத் தனியே நிற்கவிடாமல் அடுத்ததோடு இணைத்து நிரையாக்குகிறது. இது ஏன், இதனால் வெண்பாவின் நடை எப்படி அமைகிறது என்பதெல்லாம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள். 'ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ் மாதிரி' என்று சொன்ன நிமிடத்தில் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆங்கிலப் பக்கம் நாம் இழப்பது இன்னும் பெரிது. 1667இல் வந்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள், எல்லாம் ஒரே யாப்பு. பத்துச் சிலபிள், ஐந்து அழுத்தம் என்று எண்ணி முடித்தவருக்கு அது பத்தாயிரம் செங்கல். காதால் கேட்பவருக்கு, எதிர்பார்க்கும் தாளத்துக்கும் உண்மையான பேச்சின் அழுத்தத்துக்கும் நடுவே ஒவ்வொரு அடியிலும் ஓர் இழுபறி நடக்கிறது. கவிஞனின் கைவண்ணம் அந்த இழுபறிதான். கோல்ரிட்ஜ் 1816இல் 'கிறிஸ்டபெல்' வெளியிட்டபோது, சிலபிள் ஏழு முதல் பன்னிரண்டு வரை மாறினாலும் அடிக்கு நான்கு அழுத்தம் என்பதே தன் கணக்கு என்று முன்னுரையில் விளக்கினார். ஹாப்கின்ஸ் இன்னும் மேலே போய், அழுத்தங்களை மட்டும் எண்ணி இடையில் எத்தனை சிலபிள் வேண்டுமானாலும் ஓடவிட்டார். அவருடைய கவிதைகள் அவர் இறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1918இல்தான் நூலாயின. இவர்களையெல்லாம் தமிழில் மொழிபெயர்க்கும்போது வரிகளாக உடைத்த உரைநடையாகத் தருகிறோம். அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் முன்னுரையிலாவது இங்கே ஒரு தாளம் இருந்தது, அதைக் கொண்டுவர முடியவில்லை என்று ஒரு வரி எழுதலாமே. எழுதாததால் ஒரு தலைமுறை வாசகர்கள் ஆங்கிலக் கவிதை என்றாலே புதுக்கவிதை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். யாப்பை உடைத்தவர் என்று நாம் கொண்டாடும் எலியட்கூட 1917இல் எழுதிய கட்டுரையில், நல்ல சுதந்திரக் கவிதைக்குப் பின்னாலும் ஏதோ ஒரு எளிய யாப்பின் நிழல் இருக்கும் என்றுதான் வாதிட்டார்.

என்ன செய்யலாம்? பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. நல்ல ஆங்கில அகராதிகளில் உச்சரிப்பு தரும் இடத்தில், அழுத்தமான சிலபிளுக்கு முன்னால் ஒரு சின்ன நிமிர்ந்த கோடு இருக்கும். அது என்ன என்று ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தியார் பத்து நிமிடம் செலவழித்துச் சொன்னால் போதும். யூகேஜி குழந்தைகள் ஆங்கில ரைம்ஸ் பாடும்போது கைதட்டுகிறார்கள், அந்தக் கைதட்டல் பெரும்பாலும் சரியான சிலபிளில்தான் விழுகிறது. பிறகு நாம்தான் கையைக் கட்டி உட்கார வைத்து, தாளில் கோடும் வளைவும் போடச் சொல்லி, ஐந்து மதிப்பெண் கொடுக்கிறோம். கல்லூரியில் அலகிடச் சொல்லும் முன் ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நல்ல வாசிப்புகளின் ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, போட்டுக் காட்டுங்கள்.

கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்தான். ஆங்கில யாப்பை விளக்க நேர்ந்தால் நேரையும் நிரையையும் துணைக்கு அழைக்காதீர்கள். 'நானா, அவன்கிட்டயா, பணமா' என்று தொடங்குங்கள். அழுத்தம் என்ன வேலை செய்கிறது என்பது எந்தத் தமிழ் வாசகருக்கும் அதிலிருந்து இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.